ஓரத்திலிருந்து வரைந்த படம்

மார்க்கர் பேனையின் நெடி. கிளிநொச்சிச் சந்தையில் ஒருவர் மட்டைத்துண்டில் அரிசி விலை எழுத மூடியைக் கழற்றினார். நெடி மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் நின்றது. வாங்க வந்த சம்பாவை மறந்து நாலு கடை தாண்டி நடந்துவிட்டேன். நடக்கத்தான் முடிகிறது எனக்கு. நின்றால் அந்த மண்டபம் வந்துவிடும்.

மிதிவெடி எடுக்கும் வேலையில் பதினொரு வருடம் இருந்தேன். கடைசி நாலு வருடமும் எட்டுப் பெண்களுக்குப் பொறுப்பாளர். முழங்காலில் இருந்து, முகக்கண்ணாடிக்குள் மூச்சு வேர்க்க, அரைமீற்றர் அகல ஒழுங்கையில் மண்ணைக் கேட்டுக் கேட்டு ஊர்வது. கேட்டு என்றுதான் சொல்லவேண்டும். கருவி கத்தும். எந்தக் கத்தல் ஆணி, எந்தக் கத்தல் சாவு என்று காதுக்குத்தான் தெரியும். பார்த்து முடித்த நிலத்துக்கு வெள்ளைக் கம்பு, பார்க்காத நிலத்துக்குச் சிவப்பு. வருடா வருடம் சிவப்பு பின்வாங்கியது, காடு துப்புரவானது, எங்கள் சோறும் கூடவே குறைந்தது. ஒருநாள், இனி இத்தனை பேர் தேவையில்லை என்று கடிதம் தந்தார்கள்.

அனுப்பமுதல், வேறு வேலை தேட உதவியாக, ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் பயிற்றுநர் கணினியிலிருந்து ஒரு படத்தைச் சுவரில் விழுத்தினார். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து சிலந்திக்கால் போலக் கோடுகள், நுனிகளில் திறமைகள். மனவரைபடமாம்.

"அக்காமார், நடுவில உங்கட பேரைப் போடுங்கோ. தெரிஞ்சதெல்லாத்தையும் கிளை கிளையா விடுங்கோ. கம்பனிக்காரர் வந்து பாப்பினம்."

"நடுவில கொண்டுபோய் இறக்கினா நாலு பக்கமும் வெடியெல்லோ தம்பி," என்றாள் என் குழுவில் ஒருத்தி. "நாங்கள் ஓரத்தில இருந்துதான் தொடங்குவம்."

மண்டபம் சிரித்தது. பயிற்றுநரும் சிரித்தார். அவள் மட்டும் பகிடிக்குச் சொல்லவில்லை.

அவளுடைய ஆட்கள் ஒரு காலத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து புளியங்குளத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். கணவன் காய்ச்சலில் போய்விட்டான். எட்டு வயது மகள். தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தால் பொழுதுபடமுதல் வீட்டுக்கு வந்துவிடலாம், மகளுக்குத் தலை பின்னலாம். கிடைக்காவிட்டால் குவைத். ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தான்.

பயிற்சியில் தந்த தாளின் கீழ் ஓரத்தில் ஒரு கோடு போட்டு அதன் கீழே தன் பெயரை எழுதினாள். அங்கிருந்து மேலே ஒழுங்கை ஒழுங்கையாகக் கீறினாள், நாங்கள் காட்டுக்குள் நுழைகிற மாதிரி. வெள்ளைக் கட்டங்களில் தெரிந்தவை: மழைக்குப் பிறகு மண் எவ்வளவு இறங்கும். எந்த வேரடியில் பிளாஸ்டிக் வெடி ஒளிந்திருக்கும். மயங்கினவளை எப்படித் தூக்குவது. ஒரு மணித்தியாலம் கதையாமல் இருப்பது. மண்ணுக்குள் கிடக்கும் துளி இரும்பையும் காதால் பிடிப்பது. சிவப்பு மார்க்கரால் அடைத்த கட்டங்களில் தெரியாதவை: தையல் மெசின். இங்கிலிஷ். சிங்களம் எழுத. கோபத்தை அடக்க.

பயிற்றுநர் குனிந்து பார்த்தார். "சிவப்பை எடுங்கோ அக்கா. தெரியாததை ஒருத்தரும் போடுறேல்லை."

"போடாட்டி பின்னால வாறவள் மிதிச்சிருவாள் தம்பி."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

கொப்பியின் பின்பக்கங்களில் கவிதையென்று வரி வரியாக எழுதிக் கிழித்துக் கொண்டிருந்த காலம் எனக்கு. அவளுடைய தாள் என்னை விழுத்திவிட்டது. ஒரு சீவனை இவ்வளவு நேராக நான் ஒரு வரியிலும் எழுதியதில்லை. "ஒண்டையும் தொடாத. இப்பிடியே இருக்கட்டும்," என்றேன். அவள் தொடவில்லை. நாலு வருடம் நான் காட்டிய இடத்தில் முழங்காலை வைத்தவள். நானே அதைக் கணினியில் ஏற்றினேன், சிவப்புக் குறையாமல், கலர் பிரதி எடுத்தேன்.

தொழிற்சாலை அலுவலர் அடுத்த கிழமை வந்தார். யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அவருடைய விரல் அவள் தாளின் வெள்ளையில் ஓரிடமும் நிற்கவில்லை. சிவப்பிலிருந்து சிவப்புக்குப் போனது. கடைசிச் சிவப்பில் தட்டி என்னவோ கேட்டார், அவள் என்னவோ சொன்னாள். ஐந்து நிமிடம்கூட இல்லை, வெளியே வந்துவிட்டாள்.

"என்னவாம்?"

"ஏன் கோபம் வாறதெண்டு கேட்டவர். வராதோ எண்டு கேட்டன்." செருப்பைத் தேடிக் கொழுவினாள். "நன்றி எண்டவர்."

எடுபட்டவள் எங்கள் குழுவிலேயே இன்னொருத்தி. மெசினைத் தொட்டே பாராதவள், நடுவில் தன் பெயரைப் போட்டு, பக்கத்தில் பூசணிக்காய் அளவில் தையல் என்று எழுதியவள். ஒரு மாதம் கழித்து பஸ்சுக்குள் கண்டேன்.

"தையலோ? நூல் கோக்கவும் விடேல்லை அக்கா. தைச்ச உடுப்புக்குள்ள உடைஞ்ச ஊசி கிடக்கோ எண்டு மெசினுக்குள்ளால விட்டுப் பாக்கிறது. கத்தினா நிப்பாட்டித் தேடவேணும். எங்கட பழைய வேலைதான், முழங்கால் மட்டும் நோகாது."

அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

சிவப்புக் கட்டம் போட்டவளும் நானும் புளியங்குளம் சந்தியில் கொழும்பு பஸ்சுக்கு நின்றோம். மகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, அவள் பள்ளிக்கூடம் போன பிறகு வெளிக்கிட்டு வந்திருந்தாள். புதுப் பை, இழுத்தால் உருளாத சில்லு. ஊசி மெசின் கதையை நான் சொல்லவில்லை. வேறு ஏதாவது சொல்லவேண்டும் என்று வாய் உழன்றது.

"சிவப்பை எடுக்கச் சொல்லியிருக்கவேணும். என்னிலதான் பிழை."

"ஓம் அக்கா, உங்களிலதான்," என்றாள். குரலில் சூடு இல்லை. வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் அது பிடிச்சுத்தான் இருந்தது. அதுதான் பிழையாப் போச்சு."

பஸ் வந்து புழுதியோடு நின்றது. கொண்டக்டர் பையை வாங்கி உள்ளே தள்ளினார். அவள் ஒரு காலைப் படியில் வைத்துத் திரும்பினாள்.

"நான் குவைத் போறன் எண்டு மகளுக்குச் சொல்லேல்லை. கேட்டா, அம்மா கொழும்பில நிக்கிறா எண்டு சொல்லுங்கோ. அவள் நம்புற மட்டும் சொல்லுங்கோ அக்கா."