நாலாப்புன்னு சொன்னேனே

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். அப்பாவை அத்தா என்போம்; அவருக்கு மிளகாய் வற்றல் வியாபாரம். எங்கள் வீட்டுக்குப் பட்டாசு என்பது தீபாவளிக்குத் தெருவில் மற்றவர்கள் வெடிப்பது, அவ்வளவுதான். பள்ளியில் என்னிடம் படித்தவர்களில் பாதிக்கு மேல் பட்டாசுத் தொழிலாளர்களின் பிள்ளைகள். அவர்களைப் பற்றி எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் மதுரையில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. வகுப்பில் ஆவணப்படங்களை எப்படிக் காட்டுவது, முடிந்ததும் பிள்ளைகளை எப்படிப் பேச வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள், சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் இயக்குநர், சிவகாசிப் பக்கம் தான் எடுத்த படத்தைப் போட்டார். அதில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, அம்மாவோடு வீட்டுத் தரையில் உட்கார்ந்து சரவெடி பின்னுவாள். கை அவ்வளவு வேகமாக ஓடும். முகத்தில், கழுத்தில், இமையில்கூடச் சாம்பல் நிறத்தில் தூசி. பின்னணியில் ஒரு குரல் வரும்: 'இவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை.'

நான் அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அம்மாவிடமும் அத்தாவிடமும் அந்தப் பிள்ளையைப் பற்றியே பேசினேன். மறுவாரம் இயக்குநருக்குப் போன் செய்து, எங்கள் பிள்ளைகளுக்கு வந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். உடனே சம்மதித்தார். தலைமையாசிரியைக்குத்தான் மனமில்லை. "ஊரு வம்பை விலைக்கு வாங்காதீங்க டீச்சர்" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் வகுப்பறையின் ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். பக்கத்து வீட்டு டிவியும் சிடி பிளேயரும் வந்தன. அறுபது பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். இயக்குநர் கடைசியில் ஒரு நாற்காலியில்.

அந்த வீடு திரையில் வந்ததும் சலசலப்பு. சிறுமி தலை நிமிர்ந்து காமிராவைப் பார்த்தாள். அவ்வளவுதான், அறுபது தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. டிவியைப் பார்க்கவில்லை, மூன்றாவது வரிசையில் சுவரோரம் இருந்த ஓர் ஒன்பதாம் வகுப்பு மாணவியைப் பார்த்தன. எனக்கு எதுவும் விளங்கவில்லை. "முன்னால பாருங்கடி" என்று அதட்டினேன். பின்னணிக் குரல், 'பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை' என்றது. வகுப்பே வெடித்துச் சிரித்தது. அந்த மாணவி மட்டும் சிரிக்கவில்லை.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. இரண்டு வருடமாக அவளுக்குப் பாடம் நடத்துகிறேன். வரைபடம் வரைவதில் கெட்டிக்காரி என்று தெரியும்.

படம் முடிந்தது. சாக்கை விலக்கினோம். இயக்குநர் முன்னால் வந்து, "படம் பார்த்தப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு? பயப்படாம சொல்லலாம்" என்றார். பக்கத்தில் இருந்தவள் இடித்ததும் அந்த மாணவி எழுந்தாள்.

"அக்கா, என்னையத் தெரியலையா?"

இயக்குநர் சிரித்துக்கொண்டே, "எங்க பார்த்திருக்கோம்மா?" என்றார்.

"அது நாந்தான்."

இயக்குநரின் முகத்தில் ரத்தமே இல்லை. என் கையில் வருகைப் பதிவேடு இருந்தது. நான் யாருக்காக அழுதேனோ அந்தப் பிள்ளை, நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தினமும் 'உள்ளேன்' சொல்ல வைத்த பிள்ளை.

அவள் கோபப்படவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "அஞ்சு வருசத்துக்கு முந்திக்கா. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நீங்க, படிக்கியான்னு கேட்டீக. நாலாப்புன்னு சொன்னேனே. ஏழாம் வாய்ப்பாடுகூடச் சொல்லச் சொன்னீக, சொன்னேன். அது எங்கக்கா?"

"அது... படம் நீளமா போச்சும்மா. கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்துச்சு."

"அந்தக் குரல் வேற மாதிரி சொல்லுதே?"

இயக்குநர் வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை.

அவளே தொடர்ந்தாள். "அந்தப் படத்தப் பாத்துட்டு ஆபீசருக வந்தாக. அதுக்கப்புறம் ஏஜென்ட் எங்க வீட்டுக்கு வேலை குடுக்கல. யாருமே குடுக்கல. அம்மா பட்டாசுக் கம்பெனிக்குள்ள, வெடிமருந்து செலுத்துற ரூமுக்கு வேலைக்குப் போனாக. ரெண்டாவது சீசன்ல தீப்பிடிச்சு, அம்மாவுக்குக் கை ரெண்டும் வெந்துபோச்சு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவள் அம்மாவை எனக்குத் தெரியும். அரைப்பரீட்சை முடிந்து பெற்றோரை வரச் சொன்னபோது வந்திருந்தார். முந்தானையைக் கைகளில் சுற்றியபடி நின்றார். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடச் சொன்னேன். போடாமல் மகளைப் பார்த்தார். "பெத்தவங்கதான் போடணும், பிள்ளைக்கிட்ட நீட்டாதீங்க" என்று எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் இயக்குநரும் நானும் அவளோடு அவள் வீட்டுக்குப் போனோம். இயக்குநர் காமிராப் பையைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வந்தார். அவள் அம்மா வாசலுக்கு வந்து, "வாங்க, உள்ள வாங்க, நல்லாருக்கீகளா?" என்றார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் பளபளவென்று இருந்தது. மகள்தான் காபி போட்டுக் கொடுத்தாள்.

இயக்குநர் தரையில் உட்கார்ந்து அழுதார். "எனக்குத் தெரியாதுங்க. நல்லது நடக்கும்னுதான் எடுத்தேன்."

"அன்னைக்கும் அதத்தான் சொன்னீக" என்றார் அம்மா. "அழாதீக. எம் மக படிக்கலன்னு ஊருபூராச் சொல்லிட்டீகளாம்ல. அத மாத்திச் சொல்லிருங்க. எனக்கு வேறொன்னும் வேணாம்."

நான் கையெழுத்து விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன் டீச்சர்" என்றார். மறந்திருக்க மாட்டார் என்று அவர் மகளின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

மறுநாள் தலைமையாசிரியை, இனிமேல் படம் என்ற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன். பயிற்சியில் கொடுத்த மற்ற சிடிக்களை பீரோவுக்குள் போட்டுப் பூட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து இயக்குநரிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் பின்னணிக் குரல் வரியை எடுத்துவிட்டதாகவும், ஏற்கெனவே வெளியே போய்விட்ட பிரதிகளைத் திரும்ப வாங்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். கடிதத்தை அந்த மாணவியிடம் காட்டினேன். இரண்டு முறை வாசித்தாள். "அம்மாட்ட வாசிச்சுக் காட்டுதேன்" என்று மடித்து வைத்துக்கொண்டாள். போகிறவள் நின்று, "டீச்சர், அடுத்த படம் எப்ப போடுவீக?" என்றாள்.

"அவ்வளவு நடந்த பிறகுமா?"

"அன்னைக்குத்தான் டீச்சர் நான் கேட்டதுக்குப் பெரியவுக ஒருத்தர் பதில் சொல்லத் திணறுனாக."

தலைமையாசிரியையிடம் மன்றாடி, கோடை விடுமுறைக்கு முன்னால் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு படத்தைப் பீரோவிலிருந்து எடுத்துவந்தேன். டிவியைப் போடுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி கை தூக்கினாள். "டீச்சர், இந்தப் படத்த அந்த உப்பளத்துக்காரவுகளுக்குப் போட்டுக் காட்டுனாகளா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று சிடி அட்டையில் இருந்ததைப் பலகையில் எழுதிப்போட்டோம். அதற்குப் பிறகுதான் படத்தை ஓட விட்டோம்.