எதிர் நாற்காலி

என் பெரியப்பா மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, அடுத்து எங்கே போவது என்று முடிவாகும்வரை இங்கே வந்து இரு என்று சொன்னவள் அக்கா ஒருத்திதான். மூன்றாவது மாடியில் வீடு. கதவைத் திறந்ததும், "வாடி ஊர்சுத்தி, செருப்பை ஓரமா விடு" என்றாள்.

ஜன்னலோரம் இருந்த சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றின் மெத்தை அமுங்கி நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. எதிரே இருந்ததில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவள் பிரிக்கவில்லை. அத்தான் பிரிந்து போன பிறகு வாங்கிய மேசை.

"ஒத்தை நாற்காலியா தரமாட்டேன்னுட்டான் கடைக்காரன்" என்றாள், நான் கேட்காமலே.

பள்ளியில் மாணவர் கண்காட்சி வரவிருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை வருடா வருடம் கணக்கு மன்றத்துக்கு ஒதுக்கப்படும். மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இருந்த பிள்ளைகளும் பக்கத்து அறையில் ரோபோ செய்யப் போய்விட்டார்கள். பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் வாசலில் ஒரு சட்டைப் பொத்தான் கொடுப்பார்கள். பிடித்த மேசையில் இருக்கும் பாட்டிலில் அதைப் போட வேண்டும். போன வருடம் அக்காவின் பாட்டிலில் ஒரே ஒரு பொத்தான் விழுந்தது.

"யார் போட்டாங்க?"

"நான்தான்" என்று சிரித்தாள்.

இந்த வருடமும் ஈ ஓட்டினால் அந்த இடமும் ரோபோவுக்குப் போய்விடும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டாராம். மன்றத்தையும் மூடிவிடுவார்கள். மணி அடித்த பிறகு வீட்டுக்கு உடனே போகாமலிருக்க அவளுக்கு இருந்த ஒரே காரணம் அந்த மன்றம்தான். இதை அவள் சொல்லவில்லை. அந்த வீட்டின் சாயங்காலத்தைப் பார்த்த யாருக்கும் தெரியும்.

அதனால் எளிமையாக ஒரு புதிர் செய்தாள். ஆறு வண்ணக் கட்டைகள். மேசை நடுவில் அவற்றை ஒரே வரிசையாக அடுக்க வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஆளுக்கொரு அட்டை. ஒவ்வொன்றிலும் பாதிக் குறிப்புகள். "சிவப்பு இடது ஓரத்தில்" என்று இதில் இருக்கும். "கறுப்பு வலது ஓரத்தில்" என்று அதில் இருக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் விடை.

"தனியா வர்றவங்க சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போயிடறாங்க. ரெண்டு பேரா உட்கார வச்சா பேசியாகணும்ல. பேசினா கொஞ்ச நேரம் இருப்பாங்க."

நான் பகலெல்லாம் வேலைக்கும் விசாவுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். திரும்பி வரும்போது அவள் மேசையில் இருப்பாள். "ஏதாவது செய்யணுமாக்கா?" என்றால், "எல்லாம் சரியா வருது, நீ போய்ப் படு" என்பாள். அவள் சோதித்துப் பார்க்கும் விதத்தை ஒருநாள் கவனித்தேன். எழுந்து சுற்றிப் போய், பிளாஸ்டிக் உறை கசங்க எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அங்கிருந்த அட்டையைப் படிப்பாள். பிறகு தன் பள்ளத்துக்குத் திரும்பி வந்து கட்டையை வைப்பாள். மறுபடி எழுவாள். ஒவ்வொரு முறையும் விடை சரியாக வந்தது.

கண்காட்சியன்று நானும் கூடப் போயிருந்தேன். முதலில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். அவர் சிவப்பை எடுத்துத் தன் இடக்கைப் பக்கம் வைத்தார். அந்தம்மா அதை நகர்த்திவிட்டு அதே ஓரத்தில் கறுப்பை வைத்தாள்.

"ஏய், அங்க சிவப்பு வரணும்."

"என் அட்டையில கறுப்புன்னு போட்டிருக்கே."

"ஒழுங்கா படி."

"எனக்குப் படிக்கத் தெரியாதா? வீட்லதான் நீங்க சொல்றது சட்டம், இங்கயுமா?"

எழுந்து போய்விட்டார்கள். பொத்தான் ரோபோவுக்கு விழுந்தது. அடுத்து வந்த இரண்டு தோழிகளும் சிரித்துச் சண்டை போட்டுவிட்டு, "இது தப்புக் கணக்கு மிஸ்" என்று நகர்ந்தார்கள். அக்கா அட்டைகளை எடுத்துத் தானே ஒருமுறை செய்து பார்த்தாள். அங்கே போய்ப் படித்து, இங்கே வந்து வைத்தாள். சட்டென்று முடிந்தது.

"சரியாத்தானே வருது?" என்று என்னைக் கேட்டாள். காதோரம் வியர்த்திருந்தது.

அப்புறம் ஒரு அப்பாவும், முன்பல் விழுந்த அவர் மகளும் வந்தார்கள். அவர்களுக்கும் அதே தகராறு. சிவப்பும் கறுப்பும் அதே ஓரத்தில் மோதின. பாப்பா பொறுமையிழந்து மேசைக்கடியில் புகுந்து, அட்டையோடு அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டாள். அங்கிருந்தபடி இரண்டு அட்டைகளையும் படித்துக் கட்டைகளை வைத்தாள். வரிசை முடிந்துவிட்டது.

"இந்தப் பக்கம் உட்கார்ந்தா வருதுப்பா."

அக்கா அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, அவற்றுக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"இவருக்கு இடது, எதிர்ல இருக்கறவங்களுக்கு வலது" என்றாள் மெல்ல. "இது எனக்குத் தோணவே இல்லையே."

அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார். "வீட்ல செஞ்சு பார்க்கும்போது எதிர்ல உட்கார்ந்தவங்க சொல்லலியா?"

"எதிர்ல யாரும் உட்காரலை" என்றாள் அக்கா.

அவர் பாப்பாவின் தலையைத் தடவினார். பாப்பா பொத்தானைப் பாட்டிலில் போட்டுவிட்டு, அது விழும் சத்தத்தைக் கேட்கக் காதை வைத்தாள்.

அக்கா எதிர் நாற்காலியை இழுத்து வந்து மற்றதோடு ஒட்டிப் போட்டாள். அதன்பிறகு வந்தவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புதிர் இப்போது ரொம்பச் சுலபம். ஆனாலும் எழ மனமில்லாமல் இன்னொரு முறை செய்தார்கள். சண்டை போட்ட மனைவிகூடத் திரும்பி வந்து, "இப்ப பாருங்க" என்று கணவரை இழுத்து உட்கார வைத்தாள். மாலையில் தலைமை ஆசிரியை பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார்.

"பரவாயில்லையே டீச்சர். படிக்கட்டு இடம் உங்களுக்கே இருக்கட்டும்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். அவளுடைய பொத்தான் அதில் இருந்தது.

"போட வேண்டி வரலை" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக் கத்திரியால் கிழித்தாள். "உட்காருடி" என்றாள். அடுத்த வருடப் புதிருக்கு யோசனை தயாராம். நான் அவசரக்காரி, குறிப்பை முழுதும் படிக்காமல் கட்டையை வைத்தேன். "நீ கெட்ட கேட்டுக்குக் கட்டை ஒண்ணுதான் குறைச்சல்" என்று திட்டினாள். பாத்திரம் கழுவும்போது பாடினாள். அவள் பாடி நான் கேட்டது அன்றுதான்.

விசா வந்துவிட்டதை அடுத்த வாரம் சொன்னேன். "எப்போ?" என்று கேட்டாள். சொன்னேன். "சரி, ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றாள்.

கிளம்பிய காலை அவள் கீழே இறங்கி வரவில்லை. பைகளை வண்டியில் ஏற்றிவிட்டு மாடியை நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் அவள் தலை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனது. அங்கே கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு எழுந்து, வந்த வழியே திரும்பி வந்தது.