மாமாவின் பெயரைச் சொன்ன நாள்

என் கணவரின் அப்பாவுக்கு மாற்கு என்று பெயர். எங்கள் மன்னார்க் குடும்பத்தில் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லமாட்டாள். கலியாணமான புதிதில் கோயில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தேன். நற்செய்தி எழுதிய நால்வரையும் "மத்தேயு, எங்கட மாமா, லூக்கா, யோவான்" என்று சொல்லிக் கடந்துவிடுவேன். பிள்ளைகள் அதையே பாடமாக்கிப் பங்குச் சுவாமியாரிடம் ஒப்புவித்துவிட்டார்கள். என் மானம் கப்பலேறியது.

தொண்ணூறுகளின் நடுவில் மாமா லண்டனுக்கு, கோலியர்ஸ் வுட்டில் எங்களோடு இருக்க வந்தார். இங்கே பக்கத்து வீட்டுக்காரரும் மார்க், ஆங்கிலத்தில் அதே பெயர். அவரோடு வெறும் "ஹலோ"வுடன் சமாளித்தேன். ஒருநாள் லைப்ரரியில் பெயர்ப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். பழைய ரோமர் ஆண்பிள்ளைகளுக்கு வைத்த 'மார்க்குஸ்' என்ற பெயர்தானாம் இது. அவர்களுடைய போர்க் கடவுளின் பெயரிலிருந்து வந்ததாம். வந்து மாமாவிடம் சொன்னேன்.

"நல்ல கதை! ஊரில ஷெல் விழுற சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழ கிடந்த எனக்கோ போர்க் கடவுளின்ர பேர்?" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்தக் குளிர்காலம் அவருக்குக் குடலில் ஓப்பரேஷன். கணவர் ஷிப்டில் நின்றார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். என் மகளின் வயதில் ஒரு நர்ஸ், "மார்க், மார்க்" என்று மாமாவின் தோளைத் தட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுபத்தைந்து வயது மனிதர், ஒரு மிஸ்டர் கூடவா இல்லை! ஆனால் மாமா கண் திறக்கவில்லை. மயக்கம் தெளியவேண்டிய நேரமும் கடந்துவிட்டது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"மாமா, மாமா" என்று கூப்பிட்டேன். அசைவில்லை.

"பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் மொழியில், சத்தமாக," என்றாள் நர்ஸ்.

ஐயோ, நாக்கு எழவில்லை. மனிதர் போய்விடுவாரோ என்ற பயம் வெட்கத்தைத் தள்ளியது. குனிந்து, "மாற்கு" என்றேன். வெறும் பெயரோடு "எழும்புங்கோ" என்ற மரியாதை ஒட்டவில்லை.

"மாற்கு! எழும்பு மாற்கு!" என்று அதட்டினேன்.

இமை அசைந்தது. கண்ணைத் திறக்காமலே, சின்னப் பிள்ளையின் குரலில், "வாறன் அம்மா," என்றார்.

அவருடைய தாய் இறந்து ஐம்பது வருடம் இருக்கும். அதற்குப் பிறகு யார் அவரை அப்படி வெறும் பெயர் சொல்லி எழுப்பியிருப்பார்கள்? எனக்குக் கண்ணீர் முட்டியது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வா ராசா," என்றேன்.