சலோமி மாமியின் உதடுகள்

நாகர்கோவில் சந்தையில் புது ஓலைப்பாயின் வாசனை வந்ததும், நாலுவழிச் சாலைக்காக இடிக்கப்பட்ட எங்கள் ஜெபக்கூடம் நினைவுக்கு வந்துவிட்டது. லெந்து என்னும் தவக்கால நாட்களின் மதியங்களில் பெண்கள் அங்கே பாய் விரித்து, கண்ணை மூடி, பாயின் வரி காலில் பதியப் பதிய அசையாமல் உட்கார்ந்து, தங்கள் வீட்டுக்காக அல்லாமல் அடுத்தவருக்காக மட்டும் மனதுக்குள் ஜெபிக்க வேண்டும். ஓட்டின்மேல் அணில் ஓடும் சத்தம்தான் கேட்கும்.

வேலித் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டு சலோமி மாமியின் உதடு மட்டும் ஓயாமல் அசையும். "நமக்கு எதிரால்லா ஜெபிக்கா" என்பாள் அம்மா. நானும் ஒற்றைக்கண்ணைத் திறந்து மாமியைக் காவல் காப்பேன்.

ஒருநாள் மெல்ல நகர்ந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய்க் காதுகொடுத்தேன். அம்மாவின் பெயரைச் சொல்லி, அவள் இருமல் குணமாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் இன்னும் கறுத்தது.

"ராத்திரி நான் இருமுதது அவளுக்கு எப்பிடிட்டி தெரியும்? வேலியில காது வச்சிட்டுல்லா கெடக்கா!"

மறுநாள் அம்மா தன் பாயை மாமியின் பாயோடு ஒட்டி விரித்தாள். இன்னும் என்னென்ன சொல்கிறாள் என்று கேட்கத்தானாம்.