எட்டு விநாடி அசையாமல்

என் விரல் நுனிகள் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். வெள்ளி நைட்ரேட் பட்ட கறை அது. எந்த சோப்புக்கும் மசியாது, தோலோடு உரிந்து போனால்தான் உண்டு. தேர்தல் முடிந்து எத்தனையோ மாதம் ஆன பிறகும், “எத்தனை ஓட்டுங்க போட்டீங்க?” என்று பஸ்ஸில் கேட்பார்கள். பத்து விரலையும் காட்டுவேன்.

நான் பிடிப்பது ஈரத்தட்டு போட்டோ. கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்கிற பிசினை ஊற்றி, வெள்ளிக் கரைசலில் மூழ்க வைத்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுக்க வேண்டும். காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். புதுச்சேரி வெயிலில் ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். கேமரா ஒரு மரப்பெட்டி. இருட்டறை, உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் குளியலறை. நான் உள்ளே இருக்கும்போது வீட்டில் யாரும் அவசரப்படக் கூடாது.

இந்த முறைக்கு நிறம் பிடிபடாது. நீலத்தை வெள்ளையாக்கிவிடும், சிவப்பையும் மஞ்சளையும் கறுப்பாக்கிவிடும். ஊர் உலகமே நம் பிரெஞ்சுக்காரத் தெரு மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வருகிறது, என் தட்டில் அந்தச் சுவர் அடுப்புக்கரி பூசியது போல விழும். கேட்க ஆள் சிக்கினால் இதைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்வேன். அப்படிப்பட்ட நான்தான் அன்றைக்குக் கோட்டை விட்டேன்.

பெரிய மார்க்கெட்டில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா ஒருநாள் என் கையைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, கத்திரிக்கா சுட்டியா?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். இந்தப் படம் நூற்றைம்பது வருடம் ஆனாலும் அழியாது என்று கொஞ்சம் அளந்தும் விட்டேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

“எங்க கல்யாண போட்டோ, ஒரு பொயலு அன்னிக்கி வூட்ல தண்ணி பூந்து போயிடுச்சும்மா. அப்பறம் ரெண்டு பேரும் சேந்தாப்ல ஒண்ணு கெடயாது. போட்டோன்னா அந்த மனுசன் ‘த வரேன்’னு எழுந்து போயிடுவாரு. நீ ஒண்ணு எடுத்துக் குடு. தனித்தனியா மாட்றதுக்கு எப்ப வோணா மாட்டிக்கலாம்.”

மாலை போட்டு மாட்டும் படத்தைத்தான் சொன்னார். கடலுக்குப் போகிறவரின் மனைவி, அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன், கரையில் சிக்கினார். ஒருநாள் காலை இருவரும் என் மொட்டைமாடிக்கு வந்தார்கள். அக்கா அரைத்த மஞ்சள் பூசி, பெரிய குங்குமப் பொட்டும் நீலப் பட்டுப் புடவையுமாக வந்து நின்றார். “சூப்பர்க்கா!” என்றேன். அந்த ‘சூப்பரில்’ என் அரை மணி நேரப் பிரசங்கம் மொத்தமும் மறந்துபோனது.

எட்டு விநாடி அசையாமல் உட்கார வேண்டும். தலை ஆடாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கவட்டை வைத்திருக்கிறேன், பழைய ஃபேன் கம்பியில் வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தது. அண்ணன் அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

“நா இன்னா மாடாம்மா? அல மேல போட்ல நிக்கறவன் நா. எட்டு செகண்டு ஒரு மேட்டரா?”

கேமரா மூடியைத் திறந்து எண்ண ஆரம்பித்தேன். அலைமேல் நிற்பவர் ஒன்றிலிருந்தே அலைமேல் நிற்பதுபோல ஆடிக்கொண்டிருந்தார். ஐந்தில் அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, “அலோ! இல்ல சொல்லு, சும்மாதான்கீறேன்” என்றார்.

அப்போதும் எனக்கு நம்பிக்கை போகவில்லை. படம் தெளிந்து வருவதை அவர்களும் பார்க்கட்டும் என்று கரைசல் தட்டை வெளியே கொண்டுவந்து வைத்தேன். எல்லாம் பெருமைதான். கண்ணாடியில் மெல்ல மெல்ல அக்கா வந்தார். வெள்ளைப் புடவை. நெற்றியில் பொட்டு இருந்த சுவடே இல்லை. தாலிக் கயிறு கறுத்துக் கழுத்தோடு கலந்துபோயிருந்தது. பக்கத்தில் ஒரு வேட்டியும் சட்டையும் மசமசவென்று உட்கார்ந்திருந்தன. சட்டைக்கு மேலே கொஞ்சம் புகை.

தட்டைக் கவிழ்த்துவிடப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நா எங்கம்மா?” என்று அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“அது வந்துண்ணே, நீலம் இதுல வெள்ளையாத்தான்...” என்று ரசாயனம் பேச ஆரம்பித்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. நல்லவேளையாக அக்கா நான் பேசியதைக் கேட்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யோவ், முப்பது வருசமா ஒனக்குச் சோறாக்கி வச்சிகினு கடலையே பாத்துகினு ஒக்காந்துகீறேன். எனுக்காக எட்டு செகண்டு ஒக்கார முடியலல்ல ஒன்னால?”

அண்ணன் போனை அணைத்து என் கையில் கொடுத்தார். நேராகப் போய் உட்கார்ந்து, கவட்டையில் கழுத்தை வைத்தார். “முறுக்கும்மா. டைட்டா முறுக்கு.”

அக்காவுக்கு என்னுடைய சிவப்புப் புடவை ஒன்றைக் கட்டிவிட்டேன். இனி பொட்டு. குங்குமம் தெரிய வேண்டுமென்றால் நீலத்தில்தான் வைக்க வேண்டும். பவுடரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் குழைத்து நெற்றியில் வைத்தேன், தாலிக் கயிற்றிலும் தடவினேன். “மாரியாத்தா, கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கோ” என்றார் அக்கா. இவ்வளவுக்கும் கால் மணி நேரம் ஆனது. அண்ணன் கவட்டையை விட்டு வரவே இல்லை.

“இன்னும் ஆரம்பிக்கலண்ணே.”

“தெரியும்மா. பழகிகினுகீறேன்.”

புதுத் தட்டை ஊற்றி எடுத்துவந்தேன். இந்த முறை என் கண் அண்ணன் மேலேயேதான் இருந்தது. மூக்கு நுனியில் வியர்வை சொட்டக் காத்திருந்தது, கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. எட்டு எண்ணி மூடினேன்.

தட்டில் அண்ணன் தாடி முள் ஒவ்வொன்றும் தெரிய விழுந்திருந்தார். கண் இரண்டும் ஐஸ்பெட்டி வஞ்சிரத்துக்கு இருப்பதுபோல விரிந்திருந்தன. அக்காவின் பொட்டு நிலவு போலப் பளீரென்றிருந்தது. ஆனால் அக்காவுக்கு இரண்டு முகம். ஒன்று என்னைப் பார்த்து, இன்னொன்று பக்கவாட்டில் அண்ணனைப் பார்த்து.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. பொட்டு வைத்து, புடவை மாற்றி, அந்த மனிதரே சிலையாக உட்கார்ந்தும் இப்படியா? “ஏன்க்கா திரும்புனீங்க?” என்று கத்தியே விட்டேன்.

அக்கா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கீறாரான்னு பாத்தேம்மா.”

இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்டதற்கு அக்கா, “வோணாம், இதான்” என்று தலையாட்டிவிட்டார். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் இன்னும் கவட்டையில் கழுத்தை வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.