செப்பு அண்டாவுக்குள் கேட்ட தட்டல்

இதை நம்ப வேண்டுமென்று யாரையும் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நடந்த வீடு டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே இன்னும் இருக்கிறது.

1988 டிசம்பர். நிக்கலஸ் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தான். மனைவி மேரிகிறேஸ் மன்னாரில், பேசாலையில். அவளைக் கூப்பிட விண்ணப்பித்து ஒன்றரை வருடமாகியும் பதில் இல்லை. தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாமே அப்போது அசையாமல் கிடந்தன. அவள் தொலைபேசியில் அழும்போதெல்லாம் அவன் சொன்னது ஒன்றுதான்: "கொஞ்சம் பொறு. வந்திடும்."

நித்திரை வராது. குடிக்கலாமென்றால் கடை விஸ்கி யானை விலை. கூட இருந்த மகேந்திரராசாதான் வீட்டிலேயே காய்ச்சும் யோசனை சொன்னார். வாடகை வீட்டின் பின்னால் பழைய சலவை அறை. அங்கே அடுப்போடு சேர்த்துக் கட்டிய செப்பு அண்டா ஒன்று, அந்தக் காலத்தில் துணி அவித்தது. நிக்கலஸ் செப்புத் தகட்டில் அதற்கு மூடி வெட்டினான். செப்புக் குழாய்க்குள் மணலை அடைத்து, நசுங்காமல் ஒரு கட்டையில் சுற்றிச் சுருளாக்கினான். மூடியில் பொருத்திய சுருளைக் குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் இறக்கினான். அண்டாவுக்குள் பார்லியும் சீனியும் புளித்துத் தயாராக இருந்தன.

சனிக்கிழமை மத்தியானம். மூடியின் விளிம்பை மாவால் பூசி, மேலே செங்கல் அடுக்கி, நெருப்பு மூட்டினார்கள்.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது. குழாய் நுனியில் துளி விழத் தொடங்கியது. டக்... டக்...

பிறகு நின்றது.

அண்டாவுக்குள் ஒரு சத்தம். டொம்.

"கொதிக்குது" என்றார் மகேந்திரராசா.

டொம். டொம். டொம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

"கொதிக்கிற சத்தம் இப்பிடியே அண்ணை?"

அவர் விறகை வெளியே இழுத்தார். நெருப்பு அணைந்தது. தட்டல் அணையவில்லை.

நிக்கலஸுக்கு ஏன் தோன்றியதோ தெரியாது. மூடியில் உள்ளங்கையால் மூன்று தரம் தட்டினான்.

உள்ளே அமைதி... பிறகு படபடவென்று தட்டல். யாரோ சந்தோசப்பட்டது போல.

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. விஸ்கி மணம் இல்லை. நிக்கலஸ் விரலை வைத்து நக்கினான்.

உப்பு. கடல் தண்ணீர்.

மகேந்திரராசாவும் நக்கித் துப்பினார். "உப்புப் போட்டனியோ?"

"இல்லை. போட்டாலும் வராது அண்ணை. ஆவியில உப்பு ஏறாது..."

செங்கற்களைத் தள்ளினார்கள். மூடி வரவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். வரவில்லை. அவ்வளவு நேரம் எரிந்த செம்பு, ஐஸாகக் குளிர்ந்தது.

தட்டல் தளர்ந்தது.

டொம்... டொம்...

"திறக்கிறன்! பொறு!" நிக்கலஸ் கத்தினான். யாரிடம் கத்துகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

டொம்...

பிறகு தட்டல் இல்லை.

மூடி இப்போது ஒரு கை இழுப்புக்கே கழன்று வந்தது. உள்ளே புளித்த பார்லி. ஆவி பறந்தது. வேறொன்றும் இல்லை.

தட்டல் தொடங்கியது நாலு மணிக்கு.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது. மேரிகிறேஸின் தம்பி டெனிஸ்ரன். இராமேஸ்வரத்திலிருந்து.

"அத்தான்... விசா இனி வராது எண்டு அக்கா சொல்லிப்போட்டா. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவ. சனிக்கிழமை இருட்டினாப்பிறகு இந்தியாவுக்கு வள்ளம் ஏறினனாங்கள்."

நடுக்கடலில் வள்ளம் கவிழ்ந்திருக்கிறது. இரவு எட்டரை மணி. டென்மார்க்கில் நாலு.

அக்காவும் தம்பியும் கவிழ்ந்த வள்ளத்துக்குள், கொஞ்சக் காற்றில், மாட்டிக்கொண்டார்கள். அவள் பலகையில் தட்டிக்கொண்டே இருந்தாளாம்.

"தண்ணிக்குள்ளால சுழியோடி வெளியில வா எண்டு இழுத்தனான் அத்தான். வரமாட்டன் எண்டிட்டா. ஆரோ வெளியில தட்டுகினம், பொறு எண்டு சொல்லுகினம், திறந்திடுவினம் எண்டவ..."

நிக்கலஸ் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"நான் வெளியில வந்து பாத்தனான்" என்றான் டெனிஸ்ரன். "வள்ளத்துக்கு மேல ஒருத்தரும் இல்லை."