ஓ.ஆர்.டி.யில் இறங்கிய ஒன்பது பேர்

1. தாளின் அடியில் இருந்த ஊர்

இல்ஃபோர்ட் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு நகைக்கடைக்கும் மொபைல் கடைக்கும் நடுவில் இருந்த டிராவல்ஸில் நான் இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் அடித்தேன். ஜெர்மனியிலிருந்து வந்து ஆறு மாதத்தில் கிடைத்த வேலை. முதல் நாள் முதலாளி சிவா அண்ணை ஒரு தாளில் விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை எழுதிக் கையில் தந்தார். எல்.எச்.ஆர் என்றால் ஹீத்ரோ, ஜே.எஃப்.கே என்றால் நியூயோர்க், வை.வை.ஸெட் என்றால் டொரோண்டோ. தாளின் அடியில் ஓ.ஆர்.டி என்று ஒன்று இருந்தது.

"இது எந்த ஊர் அண்ணை?"

"சிகாகோ. அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் போறதில்லை. மாறிப் போறதுக்குத்தான். டொரோண்டோ நேர் பிளைட் விலை கூடவா இருந்தால் இதுக்குள்ளால விடும்."

அவர் சொன்னபடி விட்டேன். எத்தனை குடும்பங்களை அந்த ஊருக்குள்ளால் விட்டேன் என்று எனக்கே தெரியாது. லண்டன் தமிழருக்கு அமெரிக்கா என்றால் நியூயோர்க்கில் சிலை, பிறகு நயாகரா, பிறகு டொரோண்டோவில் கலியாணம். சிகாகோ பிளைட் மாறுகிற இடம், அவ்வளவுதான். யாராவது, "அக்கா, அங்க ரெண்டு நாள் நிண்டு போகலாமோ?" என்று கேட்டால் எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. "காத்து, குளிர், துவக்குச்சூடு. பார்க்க ஒண்டுமில்லை."

அங்கே காற்றும் குளிரும் துப்பாக்கிச் சூடும்தான் என்று எனக்கு யார் சொன்னது என்று இன்றைக்கும் தெரியாது. கவுன்டரில் இருப்பவளுக்கு எல்லா ஊரும் தெரியும் என்று சனம் நம்பும். நாளடைவில் அவளும் அதை நம்பத் தொடங்குவாள். எனக்கும் அந்த வியாதி இருந்தது.

2. குலம் அண்ணை கேட்ட கேள்வி

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம் வால்தம்ஸ்டோவிலிருந்து குலம் அண்ணை வந்தார். சுவிஸில் கொஞ்சக்காலம் இருந்துவிட்டு இங்கே வந்து, பிளம்பிங் செய்கிறவர். எங்கள் பழைய கஸ்டமர். டொரோண்டோவில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணரின் மகனுக்குச் சனிக்கிழமை கலியாணம். மனிசி, பிள்ளைகள், மருமக்கள் என்று ஒன்பது பேர். ஒரு புக்கிங்கில் ஒன்பது பேர்தான் ஏறும், சரியாக வந்தது என்று எனக்குச் சந்தோஷம். புதன்கிழமை லண்டனிலிருந்து ஓ.ஆர்.டி, அங்கே ஐந்து மணித்தியாலம், பிறகு அன்றிரவே டொரோண்டோ.

"ஐஞ்சு மணித்தியாலம் காணும்," என்றார். "தங்கச்சி சுகந்தி சிகாகோவிலதான் இருக்கிறாள். எயர்போர்ட்டுக்குச் சாப்பாட்டோட வருவாள். ஒவ்வொரு முறையும் அப்பிடித்தான்."

பிறகு கொஞ்சம் தயங்கினார். "அவள் வீடு வாங்கி ரெண்டு வருஷமாச்சு. குடிபூரலுக்கும் ஒருத்தரும் போகேல்லை. இந்த முறை ஒரு ராவாவது நிண்டு போங்கோ எண்டு ஒரே பிடியா நிக்கிறாள். நிக்கலாமோ மாலா?"

அவர் மனம் அரைவாசி அங்கே போய்விட்டது என்று அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் நாலு பேர் லைனில் நின்றார்கள். ஒரு இரவு என்றால் புக்கிங்கை முழுக்க மாற்றிப் போட வேண்டும்.

"சும்மா இருங்கோ அண்ணை. காத்து, குளிர், துவக்குச்சூடு. ஒன்பது பேரோட அங்க போய் என்ன செய்யப் போறியள்? பார்க்க ஒண்டுமில்லை."

"நீர் சொன்னால் சரிதான்," என்றார். டிக்கெட்டை அடித்துக் கொடுத்தேன். அவர் கடை வாசலில் நின்றபடியே போனை எடுத்து, டிராவல்ஸில் மாலாவிடம் விசாரித்ததாகவும் அங்கே பார்க்க ஒன்றுமில்லையாம், நிற்பது சரிவராது என்றும் தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார்.

3. சிகாகோவிலிருந்து ஒரு போன்

இரண்டு நாள் கழித்துக் கடை லைனில் ஒரு பெண் குரல். கோபமில்லாத குரல். கோபமாக வந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம்.

"மாலா அக்காவோ? நான் குலம் அண்ணையின்ர தங்கச்சி சுகந்தி. ஒண்டு கேக்கலாமோ?"

"ஓம், கேளுங்கோ."

"நீங்கள் சிகாகோவுக்கு வந்திருக்கிறியளோ?"

 "இல்லை," என்றேன்.

"நான் பதினாறு வருஷம் இங்க. ஒரு ஆஸ்பத்திரி லாப்பில வேலை," என்றாள். "இங்க ஒரு ஏரி இருக்கு. அக்கரை தெரியாது, முதல் நாள் நான் கடல் எண்டுதான் நினைச்சனான். அந்தக் கரையைக் காசுக்காரருக்கு விக்காமல் சனத்துக்கெண்டு விட்டு வச்சிருக்கினம், பின்னேரத்தில நானும் நடக்கிறன். நகரத்துக்கு நடுவால ஆறு போகுது, படகு வந்தால் பாலம் எழும்பி வழி விடும். மாடி மேல மாடியாக் கட்டிறதை உலகத்துக்குக் காட்டினதே இந்த ஊர்தான். ஆனால் ஆர் பேசினாலும் நியூயோர்க், நியூயோர்க்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது சுகந்தி."

"பரவாயில்லை அக்கா. நீங்கள் குறைச்சுச் சொன்னதால ஊருக்கு ஒண்டும் குறையாது. எனக்குத்தான் குறையுது. பதினாறு வருஷமா என்ர சொந்தத்துக்கு நான் எயர்போர்ட் கதிரையில வச்சுச் சாப்பாடு குடுக்கிறன். என்ர வீட்டுக் கதவை ஒருத்தரும் இன்னும் திறக்கேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். அவள் "சரி அக்கா" என்று வைத்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஆனால் டிக்கெட் அடித்தாயிற்று. அந்த மலிவு டிக்கெட்டில் மாற்றம் செய்ய ஏலாது. ஒரு நாள் நின்று போவதென்றால் ஒன்பது பேருக்கும் புது டிக்கெட் வேண்டும். அதைக் குலம் அண்ணையிடம் கேட்கவும் முடியாது.

4. நேரம் மாறிய பிளைட்

விமானக் கம்பெனிக்காரர் பிளைட் நேரத்தை மாற்றினால் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு செய்தி வந்து விழும். தினமும் காலையில் முதல் வேலை அந்தச் செய்திகளைப் பார்ப்பது. குலம் அண்ணையின் பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் அப்படி ஒன்று வந்தது. சிகாகோவிலிருந்து டொரோண்டோ போகும் பிளைட்டை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். இறங்கி, இமிகிரேஷன் முடித்து, பெட்டி எடுத்து, அதைப் பிடிக்க ஏலாது. இப்படி அவர்களாகவே மாற்றினால், வேறு பிளைட்டில் சும்மா போட்டுத் தர வேண்டியது அவர்களுடைய கடமை.

இரண்டு பிளைட் காட்டியது. ஒன்று, அதே புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு. மற்றது, வியாழக்கிழமை மத்தியானம். இறங்குவதிலிருந்து கணக்குப் பார்த்தால் இருபத்துமூன்று மணித்தியாலமும் நாற்பது நிமிஷமும். எங்கள் தொழிலில் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் இருந்தால் அது பிளைட் மாறுவது. அதைத் தாண்டினால் ஊரில் நிற்பது, அதற்கு வேறு விலை. இருபது நிமிஷம் மிச்சம் இருந்தது.

அதுவரை அத்தனை வருஷமும் கண்ணை மூடிக்கொண்டு அதே நாள் பிளைட்டைத்தான் போட்டிருக்கிறேன். கஸ்டமர் அதைத்தான் கேட்பார். அன்றைக்கு நான் இரண்டையும் பிடித்து வைத்துக்கொண்டு குலம் அண்ணைக்குப் போன் எடுக்கப் போனேன். சிவா அண்ணை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லப் போறீர்?"

"எனக்கு அந்த ஊரைப் பற்றி ஒண்டும் தெரியாது, தெரியாமச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லப் போறன்."

"கஸ்டமரிட்ட தெரியாது எண்டு மட்டும் சொல்லாதையும் பிள்ளை. கடை நம்பிக்கையில ஓடுது."

"அதாலதான் அண்ணை சொல்லப் போறன்," என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

குலம் அண்ணை யாரோ வீட்டுக் குசினியில் சிங்க்குக்குக் கீழே படுத்திருந்தார் போல, குரல் எதிரொலித்தது. விஷயத்தைச் சொன்னேன். வியாழக்கிழமை பிளைட் என்றால் டொரோண்டோவில் பொன்னுருக்கல் தவறும், தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு அன்றைக்குக் காலமைதான் என்றார். 

"நீர்தானே அங்க ஒண்டுமில்லை எண்டீர்?"

"நான் அங்க போனதே இல்லை அண்ணை. ஆரோ சொன்னதை இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு இருந்திட்டன்."

 குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. "உம்மை நம்பி நான் அவளுக்கு என்ன சொன்னனான் தெரியுமோ?" என்றார். நல்ல கோபம். நான் கேட்டுக்கொண்டேன், வேறென்ன செய்ய.

பிறகு தானாகவே குரல் இறங்கியது. "பொன்னுருக்கலுக்கு அங்க நூறு பேர் நிப்பினம். வியாழக்கிழமையே போடும்."

5. அலுமாரி

திரும்பி வந்த கிழமையே குலம் அண்ணை கடைக்கு வந்தார். டொரோண்டோ கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏரித் தண்ணியைக் கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாராம், உப்பில்லையாம். ஆற்றில் படகில் போனபோது மகள் கட்டடங்களைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நொந்துபோனாளாம். "நாங்கள் எத்தினை தரம் அதுக்கு மேலால பறந்திருக்கிறம், மாலா. ஒருக்காலும் குனிஞ்சு பார்க்கேல்லை."

பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"ராத்திரி குளிக்கப் போகேக்க துவாய் கேட்டன். அலுமாரியைத் திறந்து காட்டினாள். அடுக்கி வச்சிருக்கிறாள். ஒண்டும் பாவிக்காதது, கடை விலைச்சீட்டுக் கூடக் கழட்டேல்லை. எப்ப வாங்கினது எண்டு கேட்டன். வீடு வாங்கின கிழமை எண்டாள்."

 நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது கவுன்டரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ஊருக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைத்திருக்கிறதா இல்லையா என்று உலகம் தர்க்கம் செய்யட்டும். நம்மிடம் ஒருவர் ஒரு ஊரைப் பற்றிக் கேட்டால், போயிருக்கிறோமா இல்லையா என்பதை முதலில் சொல்லுங்கள். அந்த ஊரில் அவருக்கு யார் இருக்கிறார் என்று கேளுங்கள். விலையைப் பிறகு பார்க்கலாம்.

வேலையை விட்ட நாளில் நான் கடைசியாக அடித்த டிக்கெட் என்னுடையது. எல்.எச்.ஆர் – ஓ.ஆர்.டி, ஐந்து நாள். அங்கே போய் முடிகிற டிக்கெட்டை அன்றைக்குத்தான் முதன்முதலில் அடித்தேன். சிவா அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க மாறுறீர்?" என்றார். "மாறேல்லை அண்ணை, இறங்கிறன்," என்றேன்.

சுகந்திக்குப் போன் எடுத்தேன். பக்கத்தில் ஏதாவது ஹோட்டல் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஹோட்டலோ? பேசாமல் வீட்டுக்கு வாங்கோ அக்கா. அண்ணை ஆக்கள் ஒன்பது பேர்தான் வந்தவை. துவாய் நான் பத்து வாங்கினனான்."